1.9 பெரிசா, 1.10 பெரிசா?

ஒரு சின்னக் கதையோடு ஆரம்பிக்கலாம்.

ஒரு மளிகைக் கடை. கடைக்காரரின் அக்கா மகன் கல்லூரியில் கணினி அறிவியல் மூன்றாம் ஆண்டு படிக்கிறான். மாமா கடைக்கு பில் போட ஒரு மென்பொருளை அவனே எழுதிக் கொடுத்திருக்கிறான். முதலில் வந்தது 1.0. பிறகு ஒவ்வொரு திருத்தத்துக்கும் 1.1, 1.2 என்று ஏறி 1.9 வரை வந்தாயிற்று. 2025 செப்டம்பர் 22 அன்று ஜி.எஸ்.டி. விகிதங்கள் மாறின. சோப்பு, ஷாம்பு, பற்பசை எல்லாம் 18 சதவீதத்திலிருந்து 5க்கு இறங்கின. நெய் 12லிருந்து 5க்கு. பையன் ராத்திரி முழுக்க உட்கார்ந்து புது விகிதங்களைப் போட்டான். 1.9க்கு அடுத்தது என்பதால் 1.10 என்று பெயர் வைத்து, மாமாவின் கணினியில் ஏற்றிவிட்டு, ஹாஸ்டலுக்கு பஸ் ஏறிவிட்டான். பழையதை அழிக்கவில்லை. எதற்கும் இருக்கட்டுமே என்று.

ஒரு வாரம் கழித்து போன் வருகிறது.

"என்னடா மாப்ளே, எல்லாக் கடையிலும் சோப்புக்கு வரி குறைஞ்சிருச்சாம். நம்ம பில்லுல மட்டும் பழைய வரியே வருதுன்னு சண்டைக்கு வர்றாங்க."

"புதுசைத்தானே மாமா திறக்கறீங்க?"

"ஆமாடா. ரெண்டு இருந்துச்சு. 1.9, 1.10. பெருசைத்தான் திறந்தேன்."

"எது மாமா பெருசு?"

"இது ஒரு கேள்வியா? 1.9தான்!"

யார் மேல் தப்பு? மாமா காலமெல்லாம் தராசோடு இருப்பவர். அவருக்கு 1.9 கிலோ என்றால் ஒரு கிலோ 900 கிராம். 1.10 என்றால் ஒரு கிலோ 100 கிராம். கணக்குப்படி அவர் சொன்னது நூற்றுக்கு நூறு சரி. கல்லூரிக்குப் போய் கணினி படித்தவன்தான் கணக்கில் இல்லாத ஒரு வழக்கத்தை அவர் தலையில் கட்டிவிட்டுப் போயிருக்கிறான்.

இந்தக் கடையும் மாமாவும் கற்பனை. ஆனால் குழப்பம் கற்பனை இல்லை. உலகத்தின் பெரிய பெரிய மென்பொருள்கள் எல்லாம் இதே பள்ளத்தில் விழுந்து எழுந்தவைதான்.

ஒரு புள்ளி, மூன்று அர்த்தம்

கணக்கு வகுப்பில் புள்ளி என்றால் தசமம். 3.9 பெரிது, 3.10 சிறிது. சந்தேகமே இல்லை.

கிரிக்கெட்டில் அதே புள்ளிக்கு வேறு அர்த்தம். 19.5 ஓவர் முடிந்திருக்கிறது என்றால் இன்னும் ஒரு பந்து பாக்கி. அதைப் போட்டதும் 20 ஆகிவிடும். 19.7 என்று எந்த ஸ்கோர்போர்டிலும் பார்க்க முடியாது. இங்கே புள்ளிக்குப் பின்னால் இருப்பது பந்துகளின் எண்ணிக்கை. இதை நமக்கு யாரும் வகுப்பெடுத்துச் சொல்லித் தரவில்லை. ஆனாலும் குழம்புவதில்லை.

மென்பொருளில் புள்ளி வெறும் தடுப்புச் சுவர். இடது பக்கம் ஒரு எண், வலது பக்கம் இன்னொரு எண், அவ்வளவுதான். கணக்குப் புத்தகத்தில் பயிற்சி 3.9 முடிந்ததும் பயிற்சி 3.10 வருமே, அதே மாதிரி. 9க்கு அடுத்து 10. தசமம் கிசமம் எதுவும் கிடையாது.

நிரல் எழுதுபவர்களுக்கு இது பழகிப்போன விஷயம். அதனாலேயே எல்லோருக்கும் தெரிந்திருக்கும் என்று நினைத்துவிடுகிறார்கள். தெரிந்தவர்களே சறுக்கிய கதையும் உண்டு. பைத்தான் மொழியின் 3.9 பதிப்பு 2020 அக்டோபரில் வந்தது. 2021 அக்டோபரில் 3.10 வந்தது. பதிப்பு எண்ணின் முதல் மூன்று எழுத்துகளை மட்டும் எடுத்துப் பார்க்கும் நிரல்கள் அதுவரை நன்றாகத்தான் ஓடிக்கொண்டிருந்தன. 3.10ல் முதல் மூன்று எழுத்துகள் என்ன? 3, புள்ளி, 1. ஆக, அவற்றின் கண்ணுக்கு 3.10 என்பது 3.1! அமைப்புக் கோப்புகளில் மேற்கோள் குறி போடாமல் 3.10 என்று எழுதியவர்களுக்கும் அதே கதி. கணினி அதைத் தசம எண்ணாக எடுத்துக்கொண்டு கடைசிப் பூஜ்யத்தைத் தூக்கி எறிந்துவிட்டது. மளிகைக் கடை மாமா செய்த அதே வேலையைத்தான் கணினியும் செய்தது. :-)

எண்ணைப் படிப்பது மனிதர்கள் மட்டுமில்லை

பதிப்பு எண்ணைத் தேர்ந்தெடுப்பவர்கள் மறந்துபோகும் விஷயம் இது. ஒரு மென்பொருளின் எண்ணை மற்ற மென்பொருள்களும் படிக்கின்றன.

விண்டோஸ் 95 எல்லோருக்கும் தெரியும். அதன் உண்மையான பதிப்பு எண் 4.0. ஆனால் பழைய நிரல்கள் "நீ எந்தப் பதிப்பு?" என்று கேட்டால் அது "3.95" என்று பொய் சொல்லும். ஏன்? அதற்கு முன்னால் இருந்த விண்டோஸ் 3.1 உள்ளுக்குள் 3.10. "3.10 அல்லது அதற்கு மேல் இருந்தால் மட்டும் ஓடு" என்று பல நிரல்களில் எழுதியிருந்தார்கள். அதிலும் தப்பாக. புள்ளிக்கு முன்னால் 3க்குக் குறையாமல் இருக்கிறதா, பின்னால் 10க்குக் குறையாமல் இருக்கிறதா என்று தனித்தனியாகச் சோதித்தார்கள். 4.0 என்று உண்மையைச் சொன்னால் பின்னால் இருப்பது பூஜ்யம். "இது ரொம்பப் பழசு, என்னால் ஓட முடியாது" என்று நிரல் முரண்டு பிடிக்கும். 3.95 என்றால் இரண்டு சோதனையும் பாஸ். யாரோ எழுதிய தப்பான ஒரு வரிக்காக ஒரு இயங்குதளமே தன் வயதைக் குறைத்துச் சொல்ல வேண்டியதாயிற்று.

இதே நாடகம் 2009ல் ஓப்பரா உலாவிக்கும் நடந்தது. பதிப்பு 10 தயார். ஆனால் சில இணையதளங்கள் உலாவியின் எண்ணில் முதல் இலக்கத்தை மட்டும் படித்தன. 10 என்பதை 1 என்று எடுத்துக்கொண்டு, இது ஆதிகாலத்து உலாவி என்று வாசலிலேயே நிறுத்தின. கடைசியில் ஓப்பரா தன்னை 9.80 என்று அறிமுகப்படுத்திக்கொண்டு, உண்மையான எண்ணை அந்த வரியின் வால் பகுதியில் ஒட்டவைத்தது. 2022ல் குரோமும் ஃபயர்ஃபாக்ஸும் 100ஐத் தொட்டபோது இந்தப் பாடம் நினைவில் இருந்தது. மூன்று இலக்க எண்ணைப் பார்த்து எந்தெந்தத் தளங்கள் தடுமாறும் என்று முன்கூட்டியே சோதித்துப் பார்த்துவிட்டுத்தான் இறங்கினார்கள்.

விண்டோஸ் 7ன் உள் எண் என்ன தெரியுமா? 7 இல்லை. 6.1! விஸ்டா 6.0. அடுத்ததை 7.0 என்று போட்டால் "6 இருக்கிறதா" என்று சோதிக்கும் நிரல்கள் மக்கர் செய்யும் என்று பயந்து 6.1 ஆக்கினார்கள். விண்டோஸ் 8 என்பது 6.2. 2021ல் வந்த விண்டோஸ் 11, உள்ளே இன்னமும் 10.0தான். பெட்டியின் மேல் ஒரு எண், உள்ளே ஒரு எண். வீட்டில் ஒரு பெயர், பள்ளிக்கூடத்தில் ஒரு பெயர் மாதிரி.

இரண்டு பெயர் வைத்தால்...

அந்த வழக்கத்தில் ஜாவாவை மிஞ்ச ஆள் கிடையாது. 1998ல் 1.2 பதிப்பு வந்தபோது அதற்கு "ஜாவா 2" என்று பெயர் சூட்டினார்கள். அப்புறம் 1.3, 1.4 எல்லாமே "ஜாவா 2"தான். 2004ல் 1.5 வந்தது. திடீரென்று அதை 5.0 என்று அழைக்க ஆரம்பித்தார்கள். 2014ல் ஜாவா 8ஐ நிறுவிவிட்டு "உன் பதிப்பு என்ன?" என்று கேட்டால் 1.8 என்று பதில் வரும். 2017ல் ஜாவா 9 வந்த பிறகுதான் முன்னால் ஒட்டிக்கொண்டிருந்த அந்த 1 ஒழிந்தது.

இதில் என்ன கஷ்டம் என்று கேட்கலாம். புத்தகக் கடையில் "ஜாவா 2" என்று போட்ட புத்தகத்தை வாங்கிக்கொண்டு, ஆய்வகத்தில் 1.4 என்று காட்டும் கணினி முன்னால் உட்காரும் முதலாண்டு மாணவனை நினைத்துப் பாருங்கள். இரண்டும் ஒன்றுதான் என்று அவனுக்கு யார் சொல்வது? தனக்குத்தான் ஏதோ புரியவில்லை என்று நினைத்துக்கொள்வான். குழப்பமான எண்ணின் பெரிய பாவமே இதுதான். தப்பு எண் வைத்தவர் மேல். குற்ற உணர்ச்சி படிப்பவர் மேல்.

பி.எச்.பி. மொழியின் கதை இதற்கு நேர் எதிர். யூனிக்கோடு வசதியோடு பதிப்பு 6 வரப்போகிறது என்று வேலை நடந்தது. அதற்குள் "பி.எச்.பி. 6" என்ற பெயரோடு புத்தகங்களே விற்பனைக்கு வந்துவிட்டன. ஆனால் 2010ல் அந்த முயற்சி கைவிடப்பட்டது. பின்னால் முற்றிலும் வேறு வேலைகளோடு புதிய பெரிய பதிப்பு தயாரானபோது அதை 6 என்பதா, 7 என்பதா என்று 2014ல் வாக்கெடுப்பு வைத்தார்கள். 7 ஜெயித்தது. 2015 டிசம்பரில் 7.0 வந்தது. வராத 6ஐப் பற்றி ஏற்கெனவே படித்தவர்கள், அதையும் இதையும் ஒன்று என்று நினைத்துவிடக் கூடாதே! ஒரு எண்ணைத் தாண்டிப் போவதும் சில சமயம் நாணயமான செயல்தான்.

தாண்டுவதில் வேறு ரகமும் உண்டு. 1999ல் ஸ்லாக்வேர் லினக்ஸ் 4.0லிருந்து நேராக 7.0க்குத் தாவியது. மற்ற லினக்ஸ் தொகுப்புகள் 6ல் இருந்தன. "நீங்கள் மட்டும் ஏன் இன்னும் 4ல் இருக்கிறீர்கள்?" என்ற கேள்விக்குப் பதில் சொல்லிச் சொல்லி அலுத்துப்போனதன் விளைவு. கேட்கச் சிரிப்பாக இருக்கும். ஆனால் அதிலும் ஒரு உண்மை இருக்கிறது. பயனர்கள் ஒரு மென்பொருளின் எண்ணை அதன் முந்தைய எண்ணோடு மட்டும் ஒப்பிடுவதில்லை. பக்கத்து வீட்டு மென்பொருளின் எண்ணோடும் ஒப்பிடுகிறார்கள்.

ஒரே ஒரு எழுத்து

இதெல்லாம் வேடிக்கைக் கதைகள்தானே என்று தோன்றலாம். 2014 ஏப்ரலில் வேடிக்கை முடிந்தது.

இணையத்தில் கடவுச்சொல்லையும் வங்கி விவரங்களையும் மறைத்து அனுப்ப உதவும் ஓப்பன் எஸ்.எஸ்.எல். என்ற மென்பொருளில் ஒரு பெரிய ஓட்டை கண்டுபிடிக்கப்பட்டது. "ஹார்ட்பிளீட்" என்று பெயர் வைத்தார்கள். சர்வரின் நினைவகத்தில் இருப்பதை வெளியாட்கள் எட்டிப் பார்த்துவிடலாம் என்ற அளவுக்கு ஆபத்து. உலகம் முழுக்க சர்வர்களைப் பார்த்துக்கொள்பவர்கள் எல்லோரும் அன்று கேட்ட கேள்வி ஒன்றுதான்: "என்னிடம் இருப்பது எந்தப் பதிப்பு?"

பதில் என்ன தெரியுமா? 1.0.1 முதல் 1.0.1எஃப் வரை ஆபத்து. 1.0.1ஜி என்றால் பிழைத்தோம். மூன்று எண்களுக்குப் பின்னால் ஒட்டிக்கொண்டிருக்கும் ஒற்றை ஆங்கில எழுத்துதான் திறந்த கதவுக்கும் பூட்டிய கதவுக்கும் உள்ள வித்தியாசம்.

குழப்பம் அதோடும் நிற்கவில்லை. டெபியன், ரெட் ஹாட் போன்ற தொகுப்புகள் தங்கள் பழைய 1.0.1இ பதிப்பிலேயே ஓட்டையை மட்டும் அடைத்துக் கொடுத்தன. நல்ல காரியம்தான். ஆனால் சோதித்துப் பார்த்தால் இன்னமும் 1.0.1இ என்றே காட்டும். பட்டியலைப் பார்த்தால் இ ஆபத்து. உண்மையில் அடைத்தாகிவிட்டது. தொகுப்பின் முழுப் பெயரில் வால் பகுதியைப் படித்தவர்களுக்கு மட்டும்தான் அது தெரியும். 2021ல் 3.0 வந்தபோது ஓப்பன் எஸ்.எஸ்.எல். இந்த எழுத்து வைக்கும் வழக்கத்தையே விட்டுவிட்டது.

2021 டிசம்பரில் லாக்4ஜே என்ற ஜாவா நூலகத்தில் இதே மாதிரி இன்னொரு பூகம்பம். 2.15.0 போட்டால் சரியாகிவிடும் என்றார்கள். போட்டு முடிப்பதற்குள் அது போதாது, 2.16.0 வேண்டும் என்றார்கள். பிறகு 2.17.0. அதற்குப் பிறகு 2.17.1. எல்லாம் அந்த ஒரே மாதத்துக்குள். தூக்கம் கெட்டுப்போய் வேலை செய்தவர்கள் கையில் இருந்த ஒரே துடுப்பு அந்த எண்கள்தான். நல்லவேளை, ஒவ்வொரு திருத்தத்துக்கும் தனி எண் கொடுத்தார்கள். அதே 2.15.0 என்ற பெயரில் உள்ளே இருப்பதை மட்டும் சத்தமில்லாமல் மாற்றியிருந்தால், யாரிடம் எது இருக்கிறது என்று யாருக்குமே தெரிந்திருக்காது.

எந்தக் கேள்விக்குப் பதில்?

அப்படியானால் நல்ல பதிப்பு எண் எது? ஒரே விடை கிடையாது. எண் என்பது ஒரு பதில். கேட்பவரின் கேள்வி என்னவோ அதற்கு ஏற்ற பதிலாக இருந்தால் போதும்.

"இதை மாற்றினால் என் நிரல் உடையுமா?" என்பது மற்ற நிரலாளர்களின் கேள்வி. கிட்ஹப் நிறுவனர்களில் ஒருவரான டாம் பிரெஸ்டன்-வெர்னர் இதற்காகத்தான் மூன்று எண் முறை ஒன்றை விதிகளாக எழுதி வைத்தார். முதல் எண் மாறினால் பழையது உடையலாம், கவனம். நடு எண் மாறினால் புது வசதி வந்திருக்கிறது, பழையது அப்படியே ஓடும். கடைசி எண் மாறினால் பிழைதிருத்தம் மட்டும். நூலகங்களுக்கு இது அருமையான முறை. ஆனால் மளிகைக் கடைக்காரருக்கு இதில் ஒரு பிரயோஜனமும் இல்லை.

"இது எவ்வளவு பழசு?" என்ற கேள்விக்கு உபுண்டுவின் முறை பொருத்தம். 2004 அக்டோபரில் வந்தது 4.10. ஆண்டும் மாதமும் அப்படியே. 2006 ஏப்ரலில் 6.04 ஆக வரவேண்டியது ஆறு வாரம் தாமதமானது. அதை 6.06 என்றே வெளியிட்டார்கள். தாமதத்தை மறைக்கவில்லை. 2025ல் ஆப்பிளும் தன் எல்லா இயங்குதளங்களின் எண்ணையும் 26 என்று ஒன்றாக்கியது. போனில் 18, கணினியில் 15, கைக்கடிகாரத்தில் 11 என்று இருந்த குழப்பம் அதோடு தீர்ந்தது.

"இன்னும் எவ்வளவு மாறும்?" என்ற கேள்விக்கு அழகான பதில் சொன்னவர் டொனால்ட் க்னூத். அவருடைய டெக் அச்சுக்கோப்பு மென்பொருளின் எண் ஒவ்வொரு திருத்தத்துக்கும் வட்டத்தின் பை மதிப்பை நெருங்குகிறது. 2021 நிலவரப்படி 3.141592653. ஒவ்வொரு தடவையும் ஒரு இலக்கம் நீளும், மாற்றமோ சிறிதாகிக்கொண்டே போகும். தன் மறைவுக்குப் பிறகு எண்ணை பை என்றே நிறுத்திவிட வேண்டும், மிச்சமிருக்கும் பிழைகளையும் தொடக்கூடாது என்று சொல்லிவைத்திருக்கிறார். இங்கே புள்ளி நிஜமாகவே தசமப் புள்ளி!

மாணவர்கள் செய்யும் புராஜெக்டுகளுக்கும் இது பொருந்தும். "ஃபைனல்", "ஃபைனல் 2", "நிஜமான ஃபைனல்" என்று பெயர் வைத்த கோப்புகள் எத்தனை பென் டிரைவில் தூங்குகின்றன! நாலு விஷயம் நினைவில் இருந்தால் போதும். கொடுத்த எண்ணைத் திரும்ப வேறொன்றுக்குக் கொடுக்காதீர்கள். வெளியே ஒரு எண், உள்ளே ஒரு எண் என்று வைக்காதீர்கள். புள்ளிக்குப் பின்னால் 9ஐத் தாண்டும் என்று தெரிந்தால், அதைப் படிக்கப்போகிறவர் யார் என்று முதலில் யோசியுங்கள். கடைசியாக, போனில் கேட்டால் பயனர் அந்த எண்ணைத் திணறாமல் படித்துச் சொல்ல முடிகிறதா என்று சோதித்துப் பாருங்கள்.

சரி, மாமாவின் கடைக்குத் திரும்புவோம். அவருடைய கேள்வி என்ன? நிரல் உடையுமா என்பதில்லை. எத்தனையாவது திருத்தம் என்பதும் இல்லை. "இதில் புது வரி இருக்கிறதா?" அவ்வளவுதான். "2025 செப்டம்பர்" என்று பெயர் வைத்திருந்தால் யாரும் போன் செய்திருக்க வேண்டாம்.

அடுத்த முறை ஊருக்கு வந்தபோது பையன் அதைத்தான் செய்தான். பழையதைத் தனியாக ஒரு இடத்தில் எடுத்து வைத்துவிட்டு, திரையில் ஒன்றே ஒன்றை விட்டான். மாமா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தார்.

"இதை முதல்லயே செஞ்சிருக்கலாம்லடா?"

"செஞ்சிருக்கலாம் மாமா."

அதற்கு மேல் அவனால் என்ன சொல்ல முடியும்?